வாசலில் வைத்த குதிர் மூடிகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் சேலத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. சென்னையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர்களைப் பார்த்து, இவர்கள் எதைப் பார்த்து ஓடி வந்தார்கள், நம்மிடம் எதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று ஊர் யோசித்தது. மண்ணெண்ணெய் வாங்கப் போனவர்கள் அளக்கும் குவளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்கள். வீட்டில் அளவுக்கு மேல் தானியம் வைத்திருந்தால் சர்க்கார் பறிமுதல் செய்துவிடும் என்ற பேச்சு வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்கூடப் பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசித்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்தொன்று முடியவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் பெண்களுக்கான ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. பெரியப்பா வீட்டில் ஜாகை. பள்ளிக்கூடம் விட்டதும் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. முதலுதவி வகுப்பு நடத்துகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எல்லாம் கட்டுப் போடுவதில் ஆர்வமாக இருந்தார்கள். பாடம் நடத்திய டாக்டரம்மா கடைசி நாளில் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: நெருப்பிலிருந்து ஆட்களை வெளியே கூட்டி வருகிறவனுக்கும் பிறகு கை நடுங்கும், அவனை உட்கார வைத்துச் சூடாக, இனிப்பாக ஏதாவது கொடுங்கள், தைரியமாக இரு என்று சொல்லாதீர்கள், அவனைப் பேச விடுங்கள்.

இதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைக்க எங்கள் தெருவுக்கென்று ஒரு தீயணைப்புப் படை ஏற்படுத்தியிருந்தார்கள். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன நெசவுக்காரர்கள், மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், இவர்களுக்குத் தலைவராக வாழப்பாடிப் பக்கத்துப் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர். கைப்பம்பு, மணல் வாளி, கூரையைப் பிடுங்கத் தொரட்டி, தலைக்குத் தகரத் தொப்பி. நான் போய், ஒத்திகை முடிந்த பிறகு இவர்களைக் கவனிக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"கவனிக்கிறதுன்னா?" என்றார் தலைவர்.

"காப்பி கொடுப்பேன். பேசச் சொல்வேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காப்பி சரி," என்றார்.

நாமக்கல்லிலிருந்து சந்தைக்கு வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, நம்மூட்டுப் புள்ளைக்கு இந்த நெருப்பு வேலை எதுக்கு? ஆரு உன்னையத் தூண்டி உட்டது?" என்றார். யாரும் தூண்டவில்லை என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

முதல் ஒத்திகைக்குப் பிறகு, கொட்டகையில் அவர்களை வட்டமாக உட்கார வைத்து, வெல்லமும் சுக்கும் போட்ட காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். ஒருவரும் குடிக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இதுல என்னங்க கலந்திருக்குது?"

"வெல்லம், சுக்கு, காப்பித்தூள்."

"அது தெரியுதுங்க. அது போக?"

"குடிங்கடா," என்றார் தலைவர். "சந்தேகமா இருந்தா டீச்சரம்மா முதல்ல குடிச்சுக் காட்டுவாங்க."

குடித்துக் காட்டினேன். அவர்கள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் குடித்தார்கள். இதுதான் சமயம் என்று, "இன்னைக்கு ஒத்திகையில் மனசுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"மனசுக்கா? மனசுக்கு நல்லாத்தானுங்க இருக்குது. ஊட்டுலயும் எல்லாரும் சௌக்கியமுங்க."

பின்னாலிருந்து ஒரு குரல் தாழ்ந்து வந்தது: "வாயக் கட்டுடா. அம்மிணியச் சர்க்கார்ல இருந்து அனுப்பியிருக்குறாங்க. ஆரு பயப்படறான்னு பாத்து ஆளைக் கழிக்கறதுக்கு."

என் காதோரம் செருகியிருந்த பென்சிலைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்திருந்தேன். மறுநாளிலிருந்து பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதைப் பார்த்து, இந்தம்மா இப்போது எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகிறது என்றார்கள்.

அந்த வட்டத்தில் ஒருவர் மட்டும் காப்பியைக் கையால்கூடத் தொடுவதில்லை. எடப்பாடிக்காரர். நெசவுத் தொழில். தறி நின்ற பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்து படையில் சேர்ந்திருந்தார். இங்கே கிடைக்கிற கூலியில்தான் அங்கே அடுப்பு எரிந்தது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பார். ஒத்திகைச் சங்கு ஊதினதும் வீட்டு ஜனங்களை வெளியேற்றித் தெருவைக் காலி செய்வதில் மற்றவர்களைவிட வேகம். ஆனால் எல்லோரும் தெருமுனைக்கு வந்து சேர்ந்த பிறகும் அவர் மட்டும் வந்திருக்க மாட்டார். நேரம் கழித்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி, வேர்த்து வழிந்து வருவார். எங்கே போனீர்கள் என்றால், "இங்கதானுங்க" என்பார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த "இங்கதானுங்க" பிடிக்கவில்லை.

பிறகு தானியக் குதிர்கள் விஷயம் வந்தது.

எங்கள் தெருவில் மளிகை மண்டிக்காரர் வீட்டு அம்மாள் ஒருவர் இருந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ஒருநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னை வாசலில் நிறுத்தினார்.

"அம்மிணி, உன்ற படைக்காரன் எவனோ, நாங்க அக்கட்ட போனதும் ஊட்டுக்குள்ள பூந்து குதிரத் தொறந்து பாத்திருக்கறான். மூடி கோணலாக் கெடக்குது. எங்கூட்டுல மட்டுமில்ல, வரிசையா எல்லா ஊட்டுலயும்."

"ஏதாவது காணாமல் போயிருக்கிறதா?"

"அதென்ன கேள்வி? காணமான்னு கேப்பே, அப்பறம் எத்தனை இருந்துச்சுன்னு கேப்பே."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தெரு முழுக்க இதே கதைதான். குதிரைத் திறந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் கத்தினார்கள். எவ்வளவு குறைந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால், இருந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடுமே. திருட்டு என்று சிலர் சொன்னார்கள். ஆனால் பெரும்பாலோர் நினைத்தது வேறு: இந்த ஒத்திகையே ஒரு சூழ்ச்சி, வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தானியத்தைக் கணக்கெடுக்க சர்க்கார் செய்கிற ஏற்பாடு.

"அடுத்த தபா ஊதுனா நாங்க ஊட்டை உட்டு நகர மாட்டோம்," என்றார் அந்த அம்மாள். "நெசமாவே தீ வந்தாலும் சரி. போய்ச் சொல்லு உன்ற தலைவருகிட்ட."

போய்ச் சொன்னேன். தலைவர் பீடியை அணைத்துவிட்டு, "எடப்பாடிக்காரன்தான்," என்றார். "அவன் மேல எனக்கு ஒரு மாதிரியாவே இருந்துது. நாளைக்கே அனுப்பிட்டா தெரு அடங்கிடும்."

எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். ஆனாலும் திருடன் என்ற பேரோடு திருப்பி அனுப்பினால் நூல் வந்த பிறகும் எடப்பாடியில் எந்தத் தறிக்காரர் அவரை வீட்டுக்குள் விடுவார்? கண்ணால் பார்க்காமல் அதைச் செய்யக்கூடாது என்று வாதாடினேன். தலைவர் சலித்துக்கொண்டே, "அடுத்த ஒத்திகை வரைக்கும்," என்றார். "நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை சந்தைக் கூட்டத்தில் ஒத்திகை வைத்தால் எங்களையே மிதித்துவிடுவார்கள் என்பதால் மறுநாள் மத்தியானம் வைத்தோம். பாதி வீட்டுக்காரர்கள்தான் வந்தார்கள். நான் முன்கூட்டியே ஒரு வீட்டுக்காரியிடம் சொல்லிவைத்து, அவள் வீட்டு உள்கூடத்தில், சாத்தி வைத்திருந்த கயிற்றுக் கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எதிரே ஆள் உயரத்துக்கு மண் குதிர். சங்கு ஊதியது. தெரு இரைந்து, பிறகு அடங்கியது.

எடப்பாடிக்காரர் வந்தார். வாசலிலேயே நின்று சுற்றிலும் பார்த்தார். பிடித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம். அவர் தகரத் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். தானியம் அள்ளத்தான் என்று நினைத்தேன். அவர் குதிரின் வயிற்றில் விரல் மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு இரண்டு கையாலும் மூடியைத் தூக்கி, எம்பி, தலையை உள்ளே விட்டார்.

"கண்ணு... உள்ள இருக்கியா? வெளிய வா கண்ணு. ஒண்ணுமில்ல. வெளிய வா."

குதிருக்குள் அவர் குரல் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பதிலுக்குக் காத்திருப்பவர் போல அவர் அப்படியே நின்றார். மூடியைத் திரும்ப வைக்கும்போது கை நடுங்கியதில் அது கோணலாக உட்கார்ந்தது. அதைக்கூடக் கவனிக்காமல், அடுத்ததாகக் கட்டிலுக்குப் பின்னால் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

இருவருமே அலறினோம்.

"டீச்சருங்க..." என்றவர், என் கண் அவருடைய மடியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். வேட்டி மடியை அவிழ்த்து உதறிக் காட்டினார். தலைத்துண்டை உதறினார். தொப்பியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு மணி கம்புகூட விழவில்லை.

"யாரைக் கூப்பிட்டீர்கள்?" என்றேன்.

"ஆருகிட்டச் சொல்லப் போறீங்க?"

"யாரிடமும் சொல்ல மாட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க கேக்கறீங்க?"

டாக்டரம்மா இதற்குப் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்தார். கைகள் தானாக அக்குளுக்குள் போயின.

"போன கோடையிலங்க. எங்கூர்ல ஓலைக் கூரையெல்லாம் வரிசையாப் புடிச்சுக்கிச்சு. நானும் நாலு பேரும் ஊடு ஊடா ஓடி ஆளுங்களத் தொரத்தி உட்டோம். ஒரு ஊட்டு வாசல்ல நின்னு, உள்ள ஆராச்சும் இருக்கீங்களான்னு சத்தம் போட்டனுங்க. பதிலில்ல. அக்கட்ட போயிட்டேன். அந்தக் கூரைக்குத் தீ வரவே இல்லீங்க. காத்து திரும்பிருச்சு. பொழுது சாய ஊட்டுக்காரங்க திரும்பிப் போனா, வெறுங்குதிருக்குள்ள இருந்து அவிய புள்ள எந்திரிச்சு நிக்குது. பயந்துபோயி உள்ள எறங்கிக்கிச்சாட்ட இருக்குது. மேலெல்லாம் தூசி. பசிக்குதுன்னு சொல்லிச்சாமா."

"பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

"ஒண்ணுமே ஆவலீங்க. ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேனுங்க." அவர் குதிரின் மூடியைப் பார்த்தார். "நாஞ் சத்தம் போட்டப்ப அது உள்ளதான இருந்துச்சுங்க. கேட்டுக்கிட்டுத்தான இருந்திருக்கும்."

கதை என்னைத் தொட்டது. தொட்டதாலேயே எனக்கு மறுபடி சந்தேகம். இவ்வளவு சுலபமாக என் மனதைக் கரைக்கிறாரே, இதற்கென்றே யோசித்து வைத்திருப்பாரோ? ஆனால் மூடியைத் தூக்கியபோது அந்தக் கைகளை நான் பார்த்திருந்தேன். பார்க்க யாருமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அவை நடுங்கின.

"தலைவரிடம் மட்டும் சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க. சிரிப்பாங்க."

இதுதான் பெரிய சங்கடம். அவர் திருடவில்லை என்று தலைவரிடம் சொல்லலாம். ஏன் குதிரைத் திறக்கிறார் என்று சொல்ல முடியாது. திறக்காதீர்கள் என்று சொன்னால் அவரால் கேட்கவும் முடியாது. அன்று மாலை முழுக்க யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று குதித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். இனிமேல் சங்கு ஊதினால் வீட்டுக்காரர்களே தங்கள் குதிரைத் திறந்து பார்த்துவிட்டு, மூடியை வெளியே எடுத்துவந்து வாசலில் சாய்த்து வைக்க வேண்டும். மூடி வாசலில் இருந்தால் உள்ளே யாருமில்லை என்று அர்த்தம். படைக்காரர்கள் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டியதில்லை.

தலைவர் நான் சொன்னதைவிட என் முகத்தைத்தான் கவனித்தார். "அவன் உங்ககிட்ட என்னமோ சொல்லியிருக்கான்."

"திருடவில்லை. அதை நான் பார்த்தேன்."

"அதைக் கேக்கல."

அவர் புதுப் பீடி ஒன்றை எடுத்து, பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "பட்டாளத்துல இருந்து வந்த நாளா வூட்ல கதவைத் தாழ்ப்பாள் போட வுடமாட்டேன்," என்றார். "ஏன்னு என் பொண்டாட்டி கேட்டதில்ல." பிறகு எழுந்து, "சரி, மூடியே வெக்கச் சொல்லுங்க. இதுக்கு மேல ஒரு புகார் வந்துது, ஆளை நிக்க வெக்க மாட்டேன்," என்றார்.

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னது நான்தான். மூடியை வெளியே வைக்கச் சொல்வதில் என்ன தந்திரம் இருக்கிறது என்று எல்லோரும் தேடினார்கள், கண்டுபிடித்தும் விட்டார்கள். வாசலில் இருக்கும் மூடிகளை எண்ணினால் எந்த வீட்டில் எத்தனை குதிர் என்று தெரிந்துவிடும்! எனக்கே அது தோன்றவில்லை. ஆகவே அடுத்த ஒத்திகையில், ஒன்றுக்கு மேல் குதிர் வைத்திருந்தவர்களும் ஒரே ஒரு மூடியோடு வந்தார்கள். தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு மூடி, பார்க்க ஒழுங்காக இருந்தது. எடப்பாடிக்காரர் ஒவ்வொரு வாசலிலும் நின்று மூடியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். சில வாசல்களில் கொஞ்சம் அதிகமாக நின்றார். ஆனாலும் மற்றவர்களோடு சேர்ந்தே தெருமுனைக்கு வந்துவிட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நிஜத் தீ வந்தது ஒரு மத்தியான வேளையில். தெருவின் மேற்குக் கோடியில் கயிறும் சாக்கும் அடுக்கி வைத்திருந்த ஒரு கிடங்கு. காற்று எங்கள் பக்கமாக அடித்தது. சங்கு ஊதியபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வேறு தெரு வழியாக அனுப்பிவிட்டு ஓடி வந்தேன். புகை தலைக்கு மேல் உருண்டு வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் மூடியை வாசலில் போட்டுவிட்டு ஓடினார்கள். படையில் பாதிப்பேர் கிடங்கை ஒட்டிய கூரைகளைத் தொரட்டியால் பிடுங்க, மற்றவர்கள் தெருவைக் காலி செய்தார்கள்.

மண்டிக்காரர் வீட்டு வாசலில் எடப்பாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் கையில் நகைப்பெட்டியோடு, பேரப் பிள்ளைகளுடன் படியிறங்கினார். மூடி ஒன்று வாசலில் சாய்ந்திருந்தது.

"இன்னொண்ணுங்க?" என்றார் எடப்பாடிக்காரர்.

"என்ன இன்னொண்ணு?"

"பின்கட்டுல இன்னொரு குதிரு இருக்குதுங்களே. அதோட மூடி."

ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாளின் முகம் கறுத்துவிட்டது.

"பாத்தியா அம்மிணி? பாத்தியா? நாஞ் சொன்னேனா இல்லியா? எண்ணி வெச்சிருக்கறான்! சர்க்காருக்கு ஆளு காட்டறவன்தான் இவன்! தீயக்கூட இவனுகளே வெச்சிருப்பானுக!"

"என்னைய எத்தனை வேணா வெய்யுங்க, பரவால்லீங்க. மூடியக் கொண்டாங்க. இல்லீனா நானே போய்ப் பாத்துட்டு வந்தர்றனுங்க."

"பின்கட்டுக்குள்ள கால வெச்சுப் பாரு!"

அவர் உள்ளே போகவில்லை. அங்கிருந்து நகரவும் இல்லை. "இதை விட்டுட்டு நான் அடுத்த ஊட்டுக்குப் போவ முடியாதுங்க," என்றார். அடுத்த வரிசையில் இன்னும் வீடுகள் இருந்தன. பொறி ஒன்று பறந்து வந்து எங்கள் காலடியில் விழுந்தது. அவர் கைகள் இரண்டும் தொடையோரம் அடித்துக்கொண்டிருந்தன. மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எதைச் சொன்னாலும் அவருடைய கதையைத் தெருவில் போடுவதாகிவிடும். "அம்மா, அவர் கையைப் பாருங்கள்," என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மாள் பார்த்தார். திருடுகிறவனின் கை அப்படி நடுங்குமா என்று யோசித்தாரோ, இவனோடு நின்று மல்லுக்கட்டினால் பேரப்பிள்ளைகள் வெந்து போகும் என்று நினைத்தாரோ, தெரியாது. நகைப்பெட்டியை என்னிடம் தர மனம் வராமல் அதையும் இடுக்கிக்கொண்டே உள்ளே ஓடினார். இருமிக்கொண்டு திரும்பி வந்தவர் மூடியை எடப்பாடிக்காரர் காலடியில் வீசினார். அது இரண்டாக உடைந்தது.

"அரிசியத் தவுர ஒண்ணுமில்ல. போதுமா?"

"போதுமுங்க," என்றார் அவர். ஓடிவிட்டார்.

காற்று தணியாவிட்டாலும், கூரைகளைப் பிடுங்கிப் போட்ட இடைவெளியில் தீ நின்றுவிட்டது. கிடங்கு மட்டும் போயிற்று. ஆட்கள் எல்லோரும் முழுசாகத் திரும்பி வந்தார்கள்.

ஆனால் தெருவுக்கு அதுவா பெரிது? மண்டிக்காரர் வீட்டில் இரண்டு குதிர், ஒன்றில் அரிசி என்பது அந்த அம்மாளின் வாயாலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அரிசி எங்கோ இடம் மாறிற்று. தாசில்தார் ஆட்கள் எப்போது வருவார்கள் என்று தெரு முழுக்கக் காத்திருந்தது. எடப்பாடிக்காரர் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. தலைவரும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அனுப்புவதா வைப்பதா என்று ஒரு வார்த்தை பேசவில்லை. நாள்கள் போயின. ஒருவரும் வரவில்லை.

ஒரு சாயங்காலம், கொட்டகையில் நான் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கையில் அந்த அம்மாள் வந்து நின்றார். எல்லோரும் தம்ளரோடு எழுந்தார்கள். அவர் நேராக எடப்பாடிக்காரரிடம் போனார்.

"ஏப்பா, என்ற ரெண்டாவது குதிரப் பத்தி நீ ஆருகிட்டயும் சொல்லலியா?"

"இல்லீங்க."

"ஏன் சொல்லல?" அதிலும் அவருக்குச் சந்தேகம்தான்.

"அதுல எனக்கென்னங்க வேலை? உள்ள ஆருமில்லீன்னாப் போதுமுங்க."

"குதிருக்குள்ள ஆரு இருப்பாங்கன்னு தேடுனே?"

எடப்பாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கெட்டிலைப் பார்த்தேன். கொட்டகையில் யாரும் குடிக்கவில்லை. பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஓலைக் கூரை, வாசலில் போட்ட சத்தம், தூசியோடு எழுந்து நின்ற பிள்ளை, ஊர் சிரித்தது, எல்லாம். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகத்தான் சொன்னார். சிரிப்பார்கள் என்று நானும் பயந்துகொண்டிருந்தேன். மூட்டை தூக்குகிறவர் லேசாகச் சிரிக்க ஆரம்பித்து, தலைவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் கேட்டார்: "அந்தப் புள்ள இப்ப எங்கிருக்குது?"

"எடப்பாடிலதானுங்க. எங்கூட்டுக்கு எதுத்த ஊடு. நல்லா வெளையாடிக்கிட்டு இருக்குது."

"அப்பறமென்ன?"

"அதானுங்க தெரியல."

அந்த அம்மாள் "ம்" என்றார். போகும்போது தலைவரிடம், "உடைஞ்ச மூடிக்குப் படையில இருந்து வேற மூடி வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டார். தலைவர் தரமுடியாது என்றார். இருவரும் கொஞ்சம் வாக்குவாதம் செய்தார்கள். அதன் பிறகு எடப்பாடிக்காரரை அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லை.

அந்த அம்மாள் போனதும் நான் ஒரு தம்ளரை நிரப்பி எடப்பாடிக்காரரிடம் நீட்டினேன். அவர் அக்குளிலிருந்து கைகளை எடுத்தார். வாங்கி, முதலில் மோந்து பார்த்தார். பிறகு குடித்தார்.